போதை தெளியும் பாதை – 9: மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டவர், மலைக்குப் போய் வரும்வரை குடிக்கமாட்டார். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படி ஒருவரைக் காட்டுவார்கள். ஆண்டு முழுக்கக் குவாட்டர் இல்லாமல் தூங்காதவர், அந்த ஒரு மண்டலம் மட்டும் விடியலில் குளித்து, வேளைக்குச் சாப்பிட்டு, பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேசுவார். மாலையைக் கழற்றிய மறுநாள் டாஸ்மாக் வாசலில் நிற்பார்.

"சாமி பயம் விட்டுப்போச்சு" என்பார்கள் வீட்டில். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. மாலை போட்டிருந்த நாட்களில் அவர் தனியாக இல்லை. கண்டிக்க ஒரு குருசாமி இருந்தார். சாயங்காலமானால் பஜனைக்குக் கூட நாலு பேர் இருந்தார்கள். இருமுடியை இறக்கியதும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவருக்கு வேண்டியிருந்தது கலையாத ஒரு கூட்டம்.

அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது. 1935 ஜூனில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் தொழிலை இழந்த பில் என்பவரும் பாப் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது. கூட்டத்தில் அவரவர் முடிந்ததைப் போடுவார்கள். வெளியார் நன்கொடையை வாங்கமாட்டார்கள். முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஊரும் காலனியும் தனித்தனியாகக் கிடக்கும் நம் மாவட்டத்தில், யார் என்ன என்று விசாரிக்காமல் பக்கத்தில் உட்கார வைப்பதே பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கூட்டத்துக்குப் போகுமுன் ஆஸ்பத்திரி. பல ஆண்டு தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து இல்லாத உருவம் கண்ணில் தெரிந்து புத்தி தடுமாறலாம். உயிரே போனதும் உண்டு. மாலை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். உடம்பு தேறியதும், பக்கத்தில் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்று அங்கேயே விசாரியுங்கள். 14446, 14416 என்ற கட்டணமில்லா அரசு எண்களிலும் கேட்கலாம்.

விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று திண்டிவனத்துக்காரர் புதுச்சேரிக்குப் போக நினைப்பார். முதல் தடவை போகட்டும். ஆனால் டாஸ்மாக் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 வரை திறந்திருக்கிறது. வேலை முடிந்து கால் தானாக அங்கே இழுக்கும் சாயங்காலத்தில்தான் கூட்டத்துக்கும் போயாக வேண்டும். கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்துவிடுகிறவர் அடுத்த வாரம் வரமாட்டார். வெட்கம் சில வாரத்தில் குறைந்துவிடும், தூரம் குறையாது. பக்கத்தில் இருப்பதையே தேடுங்கள். அங்கே ஒரு வருஷமாவது குடிக்காமல் இருப்பவர் இருக்கிறாரா, பேச்சு நமக்குப் புரிகிற பேச்சா என்று பாருங்கள். யாராவது காசு கேட்டாலோ மருந்து விற்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். மனைவிமாருக்கு 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அதையும் சேர்த்து விசாரியுங்கள்.

ஆளை வேனில் ஏற்றிப்போய் அடைத்து வைக்கும் இடத்தை இந்தக் கூட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்த அன்புஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். காணாமல்போன ஒருவரைத் தேடி உயர் நீதிமன்றத்தில் மனு போட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அதே ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் மீனவர்களைக் கொன்றது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவித்தது. சாகுமுன் அவர்கள் போய் உட்கார ஓர் இடம் இருந்ததா என்ற கேள்வி என்னை விடவில்லை. அப்படி ஓர் இடத்தை ஊருக்குள்ளேயே உண்டாக்க முடியும். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989இல் பழைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் நடத்தியது. நோயாளியைப் பட்டணத்துக்கு வரச்சொல்லாமல் சிகிச்சையே கிராமத்துக்குப் போயிற்று. ஊராரும் கூடத் துணை நின்றார்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிக்கூடம், தேவாலயம், திருமண மண்டபம், சங்கக் கட்டடம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு சாயங்காலம், ஆறரையிலிருந்து எட்டு வரை, ஏ.ஏ. கூட்டத்துக்குப் பத்து நாற்காலி போடும் அளவுக்கு ஓர் அறை கொடுங்கள். வாடகை கேட்டால் கூட்டத்தார் தங்களுக்குள் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே வந்து போகிறவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

(தொடரும்)