கார் டஸ்டர்: மெல்லிய தூசியைக் கீறலின்றி நீக்கும் முறை

கார் டஸ்டர் என்பது காரின் பூச்சின் மேல் படியும் மெல்லிய, உலர்ந்த தூசியைத் தண்ணீர் இல்லாமல் நீக்க உதவும் நீண்ட இழைகளைக் கொண்ட துடைப்பான் ஆகும். டஸ்டர் என்றதும் நம்மில் பலருக்குக் கரும்பலகை துடைப்பான்தான் நினைவுக்கு வரும். இரண்டும் பெயரளவில் ஒன்றே. வேலை முறையில் நேர் எதிரானவை. கரும்பலகை டஸ்டரை அழுத்தித் துடைக்க வேண்டும். கார் டஸ்டரை அழுத்தவே கூடாது.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், கல்லுடைக்கும் கிரஷர்கள், தேசிய நெடுஞ்சாலை ஆகியவை அருகருகே அமைந்த பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாகனங்களின் மேல் நாள்தோறும் தூசி படிகிறது. இங்கே டஸ்டரைத் தவறாகப் பயன்படுத்தினால் சில மாதங்களிலேயே பூச்சின் பளபளப்பு மங்கிவிடும். சரியாகப் பயன்படுத்தினால் பூச்சும் காக்கப்படும், தண்ணீரும் மிச்சமாகும். எந்தத் தூசிக்கு டஸ்டர் ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்று பிரித்தறிவதே இதில் முதன்மையானது.

பூச்சின் அமைப்பு

இன்றைய கார்களின் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நகல் எடுக்கும் தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான். கிளியர் கோட்டின் கனம் அந்தத் தாளில் பாதி அளவே.

நாம் காணும் பளபளப்பு முழுவதும் இந்தப் பாதித்தாள் கனத்தில்தான் இருக்கிறது. அது கண்ணாடியைவிட மிக மென்மையானது. கடினமான துகளின் மேல் துணியை வைத்துத் தேய்த்தால், துணி தூசியை நீக்குவதற்கு முன் துகள் பூச்சை உழுதுவிடும். இவ்வாறு விழும் நுண்கீறல்கள் நிழலில் தெரியா. வெயிலில் பார்த்தால், ஒளி படும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போலத் தோன்றும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறக் கார்களில் இது பளிச்சென்று தெரியும். பாலிஷ் செய்து கீறலை மறைக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது கீறலைச் சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்துச் சமப்படுத்துவதே. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் சற்று மெலிகிறது. ஆகவே அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது.

இரு மாவட்டங்களின் தூசி

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. நிர்வாகத்தில் பிரிந்தாலும் நிலவியலில் இவை தொடர்புடையவை. கிரீத்தேசியக் காலத்தில் இப்பகுதியின் பெரும்பாகம் கடலுக்கடியில் இருந்தது. அக்காலக் கடற்படிவுகளே இன்றைய சுண்ணாம்புக்கல். அதை நம்பியே அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் தொடங்கப்பட்டது. ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் முதலிய ஊர்களிலும் சிமெண்ட் ஆலைகள் உள்ளன. பெரம்பலூர்ப் பக்கம் கடினமான கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும் உள்ளன. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகச் செல்கிறது.

இதனால் இங்குள்ள கார்களின் மேல் படியும் தூசி ஒரே வகையானதாக இருப்பதில்லை.

1. சுண்ணாம்புக்கல் தூசி: டிப்பர் லாரிகள் செல்லும் சாலையோரங்களில் வெளிர்நிறத்தில் படியும். இதிலுள்ள கால்சைட் என்ற கனிமத்தின் கடினம் மோ அளவுகோலில் 3. மென்மையானதே என்றாலும் இதனுடன் மணலும் கலந்திருப்பது வழக்கம்.

2. கிரஷர் தூசி: கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. இது கண்ணாடியையே கீறும். உடைக்கப்பட்ட துகள் என்பதால் கூரிய முனைகளும் உண்டு. பூச்சுக்கு மிகவும் கெடுதலானது இதுதான்.

3. சிமெண்ட் தூசி: உலர்ந்திருக்கும்போது மாவு போல இருக்கும். ஈரம் பட்டால் தண்ணீருடன் வினைபுரிந்து இறுகும். அதன் காரத்தன்மை பூச்சையும் பாதிக்கும்.

4. மண் தூசி: கரிசலும் செம்மண்ணும் காற்றில் பறந்து படிவது. காய்ந்திருந்தால் எளிதில் அகலும். ஈரமானால், குறிப்பாகக் கரிசல், பசை போல ஒட்டும்.

5. சக்கைத்தூள்: மக்காச்சோளம் அடிக்கும் காலத்தில் சாலையோரம் பறப்பது. எடை குறைந்தது, மென்மையானது. டஸ்டருக்கு மிகவும் ஏற்றது.

தூசியை அறிய எளிய சோதனைகள்

விசிறிச் சோதனை: ஓர் அட்டையால் பானெட்டின் மேல் தொடாமல் விசிற வேண்டும். தூசி நகர்ந்தால் அது ஒட்டாமல் கிடக்கிறது, டஸ்டர் பயன்படுத்தலாம். நகராவிட்டால் அது ஒட்டிவிட்டது. கழுவித்தான் ஆக வேண்டும். விரலால் கோடு போட்டுப் பார்ப்பது கூடாது. அந்தக் கோடே கீறலாகிவிடும்.

எலுமிச்சைச் சோதனை: வீட்டுச் சன்னல் விளிம்பில் படிந்த தூசியைச் சிறிது ஒரு தட்டில் எடுத்து எலுமிச்சைச் சாறு விட வேண்டும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதே அந்த நுரை. குவார்ட்ஸ் நுரைக்காது.

மஞ்சள் சோதனை: தூசியில் சில துளி நீர் விட்டு மஞ்சள்தூளைச் சேர்க்க வேண்டும். நன்றாகச் சிவந்தால் புதிய சிமெண்ட் கலந்திருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரவினைதான்.

இச்சோதனைகளைக் காரின் மேல் செய்யாமல் தட்டில்தான் செய்ய வேண்டும். வண்டி நிற்கும் இடத்துத் தூசியின் தன்மையை ஒருமுறை அறிந்துகொண்டால் போதும்.

டஸ்டரின் வகைகள்

மெழுகேற்றிய பருத்தி டஸ்டர்: பருத்தி இழைகளில் பாரஃபின் மெழுகு ஏற்றப்பட்டிருக்கும். மெழுகின் லேசான ஒட்டும் தன்மை தூசியைப் பூச்சிலிருந்து எடுத்து இழைகளுக்கு இடையே வைத்துக்கொள்கிறது. கலிபோர்னியா கார் டஸ்டர் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது இவ்வகையே.

மைக்ரோஃபைபர் டஸ்டர்: பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த, தலைமுடியைவிடப் பன்மடங்கு நுண்ணிய இழைகளால் ஆனது. இழைகளின் நெருக்கமும் நிலைமின்னூட்டமும் தூசியைப் பிடிக்கின்றன. இதைத் துவைத்துப் பயன்படுத்தலாம்.

இறகுத் துடைப்பான், பழைய பனியன் துணி, தேங்காய்ப்பூத் துண்டு ஆகியவை இதற்கு மாற்றாகா. இறகின் தண்டு கீறும். துணியோ தூசியை உள்வாங்காமல் இழுத்துக்கொண்டே செல்லும்.

பயன்படுத்தும் முறை

1. மெழுகேற்றிய புதிய டஸ்டரை ஓரிரு நாள் செய்தித்தாளின் மேல் வைத்திருக்க வேண்டும். மிகுதியான மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும்.

2. காரை நிழலில் நிறுத்தி உடல் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான தகட்டில் மெழுகு ஈஷிக்கொள்ளும்.

3. விசிறிச் சோதனை செய்ய வேண்டும்.

4. டஸ்டரை நன்றாக உதறிவிட்டுக் கூரையிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு பானெட், டிக்கி, கதவுகளின் மேற்பாதி என்ற வரிசையில் இறங்க வேண்டும்.

5. டஸ்டரின் எடையைத் தவிர வேறு அழுத்தம் தரக் கூடாது. இழைகளின் நுனி மட்டும் பூச்சைத் தொட்டுச் செல்ல வேண்டும்.

6. ஒரே திசையில், நேர்கோட்டில் இழுத்து, முடிவில் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பதும் வட்டமாகச் சுற்றுவதும் கூடாது.

7. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உதற வேண்டும். உதறாத டஸ்டர் உப்புத்தாள் போன்றது.

8. கதவுகளின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, பம்பரின் அடிப்பகுதி ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். சக்கரங்கள் வாரியடிக்கும் பெருமணல் அங்குதான் ஒட்டியிருக்கும்.

மெழுகேற்றிய டஸ்டரால் கண்ணாடியைத் துடைத்தால் மெழுகுப்படலம் படியும். இரவில் எதிர்வரும் வண்டியின் விளக்கொளி பட்டால் பார்வை மறையும். கண்ணாடிக்குத் தனித் துணி வேண்டும்.

ஏற்ற நேரம்

அதிகாலையில் அரை வாளித் தண்ணீரும் ஒரு துணியுமாகக் காரைத் துடைப்பது பரவலான வழக்கம். மார்கழி, தை மாதங்களில் இதுவே அதிகக் கெடுதல் செய்கிறது. இரவில் இறங்கும் பனி தூசியை நனைத்துச் சேறாக்கிவிடுகிறது. அதன்மேல் துணியை ஓட்டினால் மணலைப் பூசித் தேய்ப்பதற்குச் சமம். சிமெண்ட் தூசியாக இருந்தால் பனியிலேயே அது இறுகத் தொடங்கியிருக்கும்.

எனவே டஸ்டருக்கு ஏற்ற நேரம் மாலை. வீடு திரும்பி, வண்டி ஆறிய பிறகு, பனி இறங்குவதற்கு முன் தூசியை நீக்கிவிட வேண்டும். பிறகு உறை போடுவதானால் அப்போது போடலாம். தூசியின் மேல் உறை போட்டால், காற்றில் உறை அசையும்போதெல்லாம் பூச்சு தேயும்.

பயன்படுத்தக் கூடாத நிலைகள்

பூச்சின் நிறமே மறையுமளவுக்குத் தூசி படிந்திருந்தாலும், மழையோ பனியோ பட்டிருந்தாலும், சேறு, பறவை எச்சம், மரப்பிசின் இருந்தாலும், கிரஷர் அல்லது குவாரிச் சாலையில் சென்று வந்திருந்தாலும் டஸ்டரை எடுக்கக் கூடாது. முதலில் மேலிருந்து தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் துகள்களை ஓடவிட வேண்டும். பிறகு கார் ஷாம்பு கலந்த நீரில் ஒரு வாளியும், துணியை அலசத் தெளிந்த நீரில் இன்னொரு வாளியுமாகக் கழுவலாம். சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் நிலத்தடி நீர் பெரும்பாலும் கடினநீர். அது தானே காய்ந்தால் வெண்புள்ளிகள் விழும். ஆகவே உடனே ஒற்றியெடுக்க வேண்டும்.

சிமெண்ட் தூசி மட்டும் சற்று வேறுபட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது அதற்கு உரமிடுவது போல. நிறைய நீர் ஊற்றி முழுவதும் அடித்துச் செல்ல வேண்டும். இறுகிவிட்ட புள்ளிகளை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டக் கூடாது. சம அளவு நீர் கலந்த வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் அதன்மேல் வைத்து, இளகியதும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் செய்து பார்ப்பது நல்லது.

பராமரிப்பு

மெழுகேற்றிய டஸ்டரைச் சோப்பிட்டுத் துவைத்தால் மெழுகு போய்விடும். உதறிப் பயன்படுத்துவதே போதும். மைக்ரோஃபைபரை மென்மையான சோப்பில், மற்றத் துணிகளோடு கலக்காமல் துவைக்க வேண்டும். இரண்டையும் மூடிய பையில் வைக்க வேண்டும். டிக்கியில் திறந்து வைத்தால் மணல் ஏறும். தரையில் விழுந்த மெழுகு டஸ்டரைப் பூச்சின் மேல் மறுபடி பயன்படுத்தாமல் காரின் உட்புறத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

உடல்நலம்

பூச்சைக் கீறும் அதே குவார்ட்ஸ் தூசி நுரையீரலையும் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை நீண்டகாலம் சுவாசிப்பவர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற குணப்படுத்த இயலாத நோய் வருகிறது. கல்லுடைப்புத் தொழிலாளர்களைத் தாக்கும் நோய் இது. வாரம் சிலமுறை கார் துடைப்பவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. நாள்தோறும் பல வண்டிகளைத் துடைக்கும் ஓட்டுநர்களும் பணியாளர்களும் முகக்கவசம் அணிவது அவசியம். டஸ்டரைக் காற்று போகும் திசையில், முகத்துக்குத் தொலைவில் பிடித்து உதற வேண்டும். வீட்டு வாசலிலும், தண்ணீர்க் குடங்களுக்கு அருகிலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் உதறக் கூடாது.