பழைய போனும் ஓயாத அறிவித்தல்களும்: வியாபாரிகளின் கவனத்திற்கு

எமது வியாபாரிகளில் பெரும்பாலானோரின் லாச்சிக்குப் பக்கத்தில் இன்று ஒரு கையடக்கத் தொலைபேசி கிடப்பதைக் காணலாம். ஓடர் வருவதும், பில்லின் படம் போவதும், வங்கியில் பணம் வைப்புச் செய்த சிட்டையின் படம் வந்து சேர்வதும் அதனூடாகத்தான். கொழும்பு கெய்சர் வீதியில் புடைவை மொத்த வியாபாரம் செய்பவருக்குக் காத்தான்குடியிலிருந்து வரும் ஓடரும், பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்பவருக்கு வரும் கல்லின் படமும் விலையும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. அந்த வழியின் பெயர் வட்ஸ்அப்.

ஆனால் அதே தொலைபேசியில்தான் பேஸ்புக்கில் யாருக்கோ பிறந்த நாள் என்ற தகவலும், விளையாட்டுச் செயலியின் அழைப்பும், தொலைபேசிக் கம்பனியின் சலுகை விளம்பரமும், ஊர்க் குழுமத்தில் நூறு பேர் போடும் ஸலாமும் வருகின்றன. எல்லாவற்றிற்கும் ஒரே "டிங்" சத்தம். கடை திறந்து ஒரு மணித்தியாலத்திற்குள் காது அந்தச் சத்தத்திற்குப் பழகிவிடுகிறது. பழகிய பின்னர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று மாலை வாடிக்கையாளர் அழைத்து, "ஹாஜியார், காலையிலயே மெசேஜ் போட்டனே, பார்க்கல்லயா? நான் வேற எடத்துல எடுத்துட்டன்" என்று சொல்லும்போதுதான் நட்டம் தெரிய வருகிறது. இந்த வார்த்தையைக் கேட்காத வியாபாரிகள் இன்று குறைவு.

புதிய தொலைபேசி ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். 2022 மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதன் பின்னர் தொலைபேசிகளின் விலை எங்கே போனது என்பதை வாசகர்கள் அறிவார்கள். எனவேதான் ஏழெட்டு வருடம் பழைய சம்சுங்கையும் ஹுவாவியையும் பலர் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. பற்றரி தாங்குமாயின், திரை வேலை செய்யுமாயின், அறிவித்தல்களை ஒழுங்குபடுத்துவதற்குப் பழைய போனே போதுமானது. ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும் வேலை இது.

முதலில், இந்த அறிவித்தல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2009 ஜூன் மாதத்தில் அப்பிள் நிறுவனம் தனது ஐபோன்களுக்கும், மறு வருடம் கூகுள் தனது அன்ட்ரொயிட் 2.2 பதிப்பிற்கும் இந்த வசதியை அறிமுகப்படுத்தின. ஒவ்வொரு செயலியும் "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று தனித்தனியாக இணையத்தில் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் பற்றரி அரை நாள்கூடத் தாங்காது. எனவே தொலைபேசிக்கும் கூகுளுக்கும் இடையில் ஒரேயொரு இணைப்பு மாத்திரம் எப்போதும் திறந்திருக்கிறது. எல்லாச் செயலிகளின் தகவலும் அந்த ஒரு வாசலால்தான் வருகின்றன. தபாற்காரர் ஒருவர் தெரு முழுவதற்கும் கடிதம் கொண்டு வருவதைப் போன்றதுதான் இது. அவரை நிறுத்துவது எமது நோக்கமல்ல. எந்த வீட்டிற்கு மணி அடிக்க வேண்டும், எந்த வீட்டில் சத்தமின்றிப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவைப்பதுதான் தேவை.

தொலைபேசியின் வயது முக்கியம்

செட்டிங்ஸ் பகுதியின் கடைசியில் "அபவுட் போன்" என்ற இடத்தில் அன்ட்ரொயிட் பதிப்பின் இலக்கம் இருக்கும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனெனில் 2017 ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்த 8 ஆம் பதிப்பு ஓர் எல்லைக் கோடு. அதிலிருந்து ஒரு செயலியின் அறிவித்தல்களைப் பல வகைகளாகப் பிரித்து, ஒன்றை வைத்து இன்னொன்றை மூட முடியும். வங்கிச் செயலியில் பணம் வந்த செய்தியை வைத்துக்கொண்டு, கடன் அட்டை விளம்பரத்தை மாத்திரம் நிறுத்துவதற்கு இதுவே வழி. செயலியைத் தயாரித்தவர் அவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

7 ஆம் பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு செயலியை முழுமையாக மூடலாம், அல்லது முழுமையாகத் திறந்துவிடலாம். 7 ஆம் பதிப்பில் சத்தமில்லாமல் காட்டும்படி சொல்லலாம். அவ்வளவுதான். எனினும் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பேஸ்புக், வட்ஸ்அப் போன்ற பெரிய செயலிகள் தமக்குள்ளேயே ஒரு செட்டிங்ஸ் பகுதியை வைத்திருக்கின்றன. தொலைபேசியின் செட்டிங்ஸில் முடியாததைச் செயலிக்குள்ளே போய்ச் செய்யலாம். பழைய போன் வைத்திருப்பவர்களில் அதிகமானோர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

மூடுவதற்கு இலகுவான வழி, அறிவித்தல் வரும்போதே அதன் மீது விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடிப்பதாகும். அப்போது அந்த அறிவித்தலை அனுப்பிய செயலி எதுவென்றும், அதை நிறுத்துவதற்கான வழியும் தோன்றும். ஒரு நாள் முழுவதும் இப்படிச் செய்து வந்தால் மறுநாள் தொலைபேசி பாதி அமைதியாகிவிடும். வேண்டாதவை எவை என்று பட்டியல் போட்டு உட்காரத் தேவையில்லை. தொந்தரவு செய்பவை தாமாகவே வந்து அகப்படும்.

இங்கே ஒரு விடயத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். "உங்கள் தொலைபேசியில் வைரஸ் உள்ளது, உடனடியாகச் சுத்தம் செய்யுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் அடிக்கடி வரும் அறிவித்தலைப் பார்த்துப் பயந்து, போன் திருத்தும் கடைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே எல்லாவற்றையும் அழித்து, வாடிக்கையாளர் இலக்கங்களையும் இழந்து, கூலியும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை வைரஸ் அல்ல. 2015 முதல் குரோம் உலாவியின் ஊடாக இணையத்தளங்களும் அறிவித்தல் அனுப்ப முடியும். கிரிக்கெட் பார்ப்பதற்கோ படம் தரவிறக்குவதற்கோ ஏதோ ஒரு தளத்திற்குப் போன வீட்டுப் பிள்ளை "அலவ்" என்ற பொத்தானை அழுத்தியிருக்கும். அந்தத் தளம் அன்றிலிருந்து விளம்பரம் அனுப்பிக்கொண்டிருக்கும். குரோமைத் திறந்து, செட்டிங்ஸ், அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ் என்று சென்றால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். அறியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிடுங்கள். சல்லிக்காசு செலவில்லை.

வராத செய்தி

அதிகம் வருவது ஒரு தொல்லை. வரவேண்டியது வராமல் போவது அதைவிடப் பெரிய தொல்லை, வியாபாரிக்கு நேரடி நட்டமும்கூட. வட்ஸ்அப்பைத் திறந்தால் மாத்திரமே செய்திகள் ஒரேயடியாகக் கொட்டுகின்றன, மற்ற நேரத்தில் ஒரு சத்தமும் இல்லை என்ற முறைப்பாடு பழைய போன்களில் மிகச் சாதாரணம். சிக்னல் சரியில்லை என்று கம்பனியை ஏசுவார்கள். அனேகமான சந்தர்ப்பங்களில் காரணம் தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது.

2015 இல் வந்த அன்ட்ரொயிட் 6 ஆம் பதிப்பிலிருந்து, திரை அணைந்து அசையாமல் கிடக்கும் தொலைபேசி பற்றரியைச் சேமிப்பதற்காக ஒருவித உறக்கத்திற்குப் போகிறது. வட்ஸ்அப் போன்றவை தமது செய்திகளை "அவசரம்" என்று முத்திரையிட்டு அனுப்புவதால் அந்த உறக்கத்தையும் எழுப்பிவிடும். பிரச்சினை அதற்கு மேலாகத் தயாரிப்பாளர்கள் தாமாகச் சேர்த்திருக்கும் பற்றரிச் சேமிப்பில்தான் இருக்கிறது. ஹுவாவியில் பற்றரிப் பகுதிக்குள் "அப் லோஞ்ச்" என்றொரு பட்டியல் உண்டு. அதில் வட்ஸ்அப்பைத் தானியங்கியிலிருந்து எடுத்து, பின்னணியில் இயங்க அனுமதிக்க வேண்டும். சியோமியில் "ஓட்டோ ஸ்டார்ட்" என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். சம்சுங் போன்கள் சில நாட்கள் திறக்கப்படாத செயலிகளைத் தூங்க வைத்துவிடும். மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் வங்கிச் செயலி அதில் முதலாவதாக மாட்டிக்கொள்ளும். தூங்க வைக்கக்கூடாதவை என்ற பட்டியலில் அதைச் சேர்த்துவிடுவது நல்லது.

போன் வேகமாக வேலை செய்யும் என்று நம்பி "கிளீனர்", "பூஸ்டர்" போன்ற செயலிகளைப் போட்டு வைத்திருப்பவர்கள் அவற்றை அகற்றிவிடலாம். அவை பின்னணியில் உள்ளவற்றை மூடிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் போய் "போர்ஸ் ஸ்டொப்" கொடுத்து நிறுத்திய செயலிக்கும் இதே கதிதான். அதை நீங்கள் மீண்டும் திறக்கும்வரை எந்த அறிவித்தலும் வராது.

இன்னுமொன்று. 8 ஜீபீ, 16 ஜீபீ கொள்ளளவுள்ள பழைய போன்களில் குழுமங்களின் காணொளிகள் நிறைந்து இடமில்லாமல் போனால், ஓடரோடு வரும் படம் தரவிறங்காது. வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் காணொளிகள் தாமாகத் தரவிறங்குவதை நிறுத்திவிட்டால் இடமும் மிஞ்சும், டேட்டாவும் மிஞ்சும். மிகப் பழைய போன்களுக்கு இந்த யோசனைகள் எதுவும் உதவாது. 2023 ஒக்டோபரில் வட்ஸ்அப் நிறுவனம் அன்ட்ரொயிட் 5 இற்கு முந்திய பதிப்புகளைக் கைவிட்டுவிட்டது.

குழுமமும் வாடிக்கையாளரும்

வட்ஸ்அப்புக்குள் தனிப்பட்ட செய்திக்கு ஒரு சத்தம், குழுமத்திற்கு வேறொரு சத்தம் வைக்கலாம். குழுமத்திற்கான சத்தத்தை "நன்" என்று மாற்றிவிடுங்கள். இந்த ஒரு மாற்றமே போதும் என்று சொல்லுமளவிற்குக் கடையின் அமைதி திரும்பிவிடும். பள்ளிவாசல் குழுமத்திலிருந்தும் குடும்பக் குழுமத்திலிருந்தும் வெளியேறினால் மனத்தாங்கல் வரும் என்று அஞ்சுபவர்களுக்கு இது ஏற்ற வழி. வெளியேறவும் இல்லை, சத்தமும் இல்லை. குழுமத்தைத் தனித்தனியாக மௌனமாக்கவும் முடியும். முன்பு ஆகக்கூடியது ஒரு வருடம் என்றிருந்ததை 2020 ஒக்டோபரில் "எப்போதும்" என்று மாற்றினார்கள். மௌனமாக்கிய குழுமத்திலும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ அறிவித்தல் வரும். எனவே ஜனாஸா அறிவித்தல் தவறிவிடுமே என்ற கவலை இருப்பவர்கள், அதற்கென்று இருக்கும் ஒரு குழுமத்தை மாத்திரம் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கத்தில், முக்கியமான பத்துப் பதினைந்து வாடிக்கையாளர்களுக்குத் தனிச் சத்தம் கொடுங்கள். அவர்களது பெயரைத் திறந்தால் அதற்கான இடம் இருக்கும். சத்தத்தைக் கேட்டவுடனேயே கடைப் பையன், "நானா, ஓடர் ஒண்டு வந்திருக்கு" என்று சொல்லுமளவிற்கு இது பயன்படும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கும் இதைச் செய்யலாம். அதற்கு இணையம் தேவையில்லை, பற்றரி உறக்கமும் அதைத் தடுக்காது. விளம்பரக் குறுஞ்செய்திகளுக்குள் அது மறைந்துபோவதுதான் பிரச்சினை.

வங்கி என்றவுடன் சொல்ல வேண்டியது, கடை மேசையில் திரை மேல்நோக்கிக் கிடக்கும் தொலைபேசியில் வங்கியின் ஒருமுறைக் கடவு இலக்கமும், கணக்கில் உள்ள மீதியும் பூட்டிய திரையிலேயே பளிச்சென்று தெரிவதைப் பற்றி. வட்ஸ்அப் கணக்கைக் களவாடுபவர்கள் தேடுவதும் இப்படி வரும் ஆறு இலக்கத்தைத்தான். அன்ட்ரொயிட் 5 ஆம் பதிப்பிலிருந்து, பூட்டிய திரையில் அறிவித்தல் வந்தது மட்டும் தெரிந்து உள்ளடக்கம் மறைந்திருக்கும்படி செய்ய முடியும். ஆனால் இலக்கமோ கோலமோ போட்டுத் தொலைபேசியைப் பூட்டியிருந்தால் மாத்திரமே இந்தத் தெரிவு தோன்றும். பூட்டே போடாமல் வைத்திருப்பவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தொழுகை நேரத்தில் போனை மௌனமாக்கிவிட்டு, பிறகு அதை மறந்து பின்னேரம்வரை அழைப்புகளைத் தவறவிடுபவர்கள் ஏராளம். 6 ஆம் பதிப்பிலிருந்து "டூ நொட் டிஸ்டர்ப்" என்ற பகுதியில் நாளும் நேரமும் குறித்து வைக்கலாம். வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 1.30 வரை என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஜும்ஆவுக்குத் தானாக அடங்கி, தானாகவே திரும்பும். இரவிலும் அவ்வாறே. குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் வரட்டும் என்றும், ஒரே ஆள் 15 நிமிடத்திற்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கட்டும் என்றும் அதற்குள்ளேயே சொல்லி வைக்கலாம். தொழுகையின்போது இந்த இரண்டாம் முறை வசதியை மூடி வைப்பதே உகந்தது.

எல்லாம் செய்து முடித்த பின்னர் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, தொலைபேசியை மேசையில் வைத்து ஒரு மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். பிறகு வீட்டில் ஒருவரைக் கொண்டு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். உடனே சத்தம் வந்தால் வேலை முடிந்தது. நீங்கள் கையில் எடுத்துத் திறந்த பிறகுதான் வருகிறதென்றால், பற்றரிப் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள்.