நினைவட்டை முதல் ஆவணச் சேமிப்பு வரை

இந்தியாவின் முதற் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931இல் வெளிவந்தது. இன்று அதன் படி ஒன்றேனும் எஞ்சியதாகத் தெரியவில்லை. படச்சுருளுக்கு நேர்ந்த இக்கதி டிஜிட்டல் காட்சிப் பதிவுக்கும் நேரலாம்; அதற்கு ஒரு நொடிக் கவனக்குறைவே போதும்.

வயலில் பயிர்நோயைப் படமெடுக்கும் ஊழியரை எண்ணிப் பார்ப்போம். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் காமிரா, 32 கிகாபைட் அட்டையை முக்கால் மணிக்குள் நிரப்பிவிடும். மறுநாட் பணிக்கு இடம் வேண்டி அவர் அட்டையை அழிக்க முற்படுகிறார். ஆபத்து அங்கேதான் உள்ளது.

இத்தகைய அட்டையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை மிஞ்ச இயலாது. ஆகவே நீண்ட பதிவு பல துண்டுகளாகிறது. கோப்புகளைப் பொறுக்கி எடுத்தால் துண்டொன்று விடுபடக்கூடும். அட்டையிலுள்ள அனைத்தையும் அப்படியே இரு வன்தட்டுகளில் படியெடுத்தல் வேண்டும். பின்னர் மூலத்தின் செக்சம் எண்ணும் படிகளின் எண்ணும் ஒத்துள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். ஒரு பிட் மாறினும் அவ்வெண் வேறுபடும். இவை ஒத்த பின்னரே அட்டையை அழிக்கலாம்.

நாள், ஊர், பொருள் ஆகியவற்றைக் கோப்புறையின் பெயரில் தொடக்கத்திலேயே குறித்தல் நன்று. எடிட்டிங் மென்பொருள் மூலக் கோப்பின் இருப்பிடத்தையே நினைவிற் கொள்வதால், இடையில் பெயரை மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும்.

நினைவட்டை மின்னேற்றத்தால் தரவைக் காப்பது. நெடுங்காலச் சேமிப்புக்கு ஏற்றதன்று. வன்தட்டும் பழுதடையும். ஆகையால் ஒரு படியை வேறொரு கட்டடத்தில் வைத்து, ஆண்டுதோறும் செக்சத்தைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

நோயுற்ற பயிர் மறுமுறை படமெடுப்பதற்காகக் காத்து நிற்பதில்லை.