காகிதக் குடிலில் மாதா ஏன் மண்டியிடுகிறார்?

தூத்துக்குடிப் பக்கம் டிசம்பர் வந்தாலே வீட்டுக்கு வீடு குடில் வேலை தொடங்கிடும். வைக்கோல், கசக்கி வண்ணம் அடித்த காகிதப் பாறை, சீரியல் லைட், உள்ளே சுரூபங்கள். நான் கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டிருப்பது இதன் சின்னத் தம்பியை: அட்டையைத் திறந்ததும் எழுந்து நிற்கும் மடிப்புக் குடில். பழைய ஐரோப்பிய ஓவியங்களை அதற்குள் அடக்கப் பார்த்தப்போ ஒரு கேள்வி வந்தது. மாதா ஏன் எப்போதும் மண்டியிட்டே இருக்கிறார்?

நற்செய்தியில் அப்படி இல்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார். மாடும் கழுதையும்கூட எசாயா முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவைதான். பழைய பைசாந்தியப் படங்களில் மாதா படுத்திருப்பார். பிள்ளை பெற்ற உடம்பு இல்லையா? பேறுகாலம் பார்த்த நம்மூர்ப் பெண்களுக்கு அதுதான் இயல்பாத் தெரியும்.

1372-ல் பெத்லகேமுக்குப் போன சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித் ஒரு காட்சி கண்டார். மாதா மண்டியிட்டுச் செபிக்கும்போதே குழந்தை பிறக்கிறது. தரையில் கிடக்கும் அந்தக் குழந்தையிடமிருந்தே ஒளி வருகிறது. ஓவியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1490 வாக்கில் நெதர்லாந்து ஓவியர் கீர்ட்கன் வரைந்த இரவுக் காட்சியில் மாதாவின் முகத்துக்கு வெளிச்சமே குழந்தைதான். நம் வீட்டுச் சுரூபங்கள் அந்த வழியில் வந்தவை.

இப்போ காகிதக் கணக்குக்கு வருவோம். அட்டையில் ஒரு பாதி தரை, மறு பாதி சுவர். உருவத்தின் பாதத்தைத் தரையில் ஒட்டணும். முதுகிலிருந்து ஒரு பட்டை போய், அதே உயரத்தில் சுவரைத் தொடணும். அந்தப் பட்டையின் நீளமும், பாதத்திலிருந்து மடிப்புக்கோடு வரை உள்ள தூரமும் சமமா இருக்கணும். அப்போதான் பக்கவாட்டில் ஓர் இணைகரம் அமையும். சுவரைச் சாய்த்தால் உருவமும் கூடவே சாயும்.

ஆனா ஒரு நிபந்தனை. மூடும்போது உருவம் முன்பக்கமா விழுவதால், மடிப்பிலிருந்து தூரம் கூட்டல் உயரம், தரையின் நீளத்தைத் தாண்டக்கூடாது. தரை 15 செ.மீ. என்றால், 3 செ.மீ. தள்ளி நிற்பது 12 செ.மீ. உயரம் வரை போகலாம். 9 செ.மீ. தள்ளி நிற்பதற்கு 6 செ.மீ.தான். மீறினால் மூடிய அட்டைக்கு வெளியே தலை நீட்டும்.

ஓவியத்தில் முன்னால் இருப்பவர் பெரிசு, பின்னால் இருப்பவர் சிறிசு. காகிதத்தில் அப்படியே தலைகீழ்: முன்னால் வருபவர் தாழ்ந்தே ஆகணும். அதனால மாதா மண்டியிடுவது இங்கே பக்தி மட்டுமில்லை, கட்டமைப்பும்கூட. 1423-ல் ஜென்டீலே வரைந்த ஞானிகள் ஓவியத்தில் முதியவர் தரையோடு தாழ்கிறார், அடுத்தவர் குனிகிறார், இளையவர் நிற்கிறார். மூவரையும் அதே வரிசையில் முன்னிருந்து பின்னாக வைத்தால் மடிப்புக்குக் கச்சிதமாப் பொருந்துது. படுத்திருக்கும் பைசாந்திய மாதாவோ இன்னும் முன்னாலேயே வரலாம்.

அப்படியானால் நம் கடற்கரைக் குடிலை எப்படி அடுக்குவது? விளிம்பில் 2 செ.மீ. உயரத்தில் அலை, அடுத்து ஒரு வள்ளம், இரண்டு உப்புக் குவியல். நடுவில் படுத்திருக்கும் மாதா, பக்கத்தில் பிள்ளை. பின்னால் நிற்கும் சூசையப்பர். சுவரில் பனிமய மாதா கோவில் முகப்பு. அந்தக் கோவிலின் மாதா சுரூபமே 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. முன்வரிசையைக் கடலுக்குக் கொடுப்பதில் தப்பில்லை. ஞானிகளில் ஒருவர் கையில் முத்துச்சிப்பி கொடுக்கலாமான்னு கேட்டால், கொடுக்கலாம். முத்துக்குளிப்பு நின்றுபோய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ஊரில், காகிதத்திலாவது ஒரு சிப்பி திறக்கட்டும்.