உறைக்குள் ஓர் அடையாளம்

வங்கியின் கணினியிடம் ஓர் அங்காடியின் கணினி பணப் பரிமாற்றம் கோருகிறது. இடையில் மனிதர் எவரும் இல்லை. கேட்பது யார் என்பதை வங்கி எவ்வாறு அறியும்?

இத்தகைய இணையச் சேவைகளுக்குரிய நெறிமுறைகளுள் ஒன்று சோப். இதன் 1.2ஆம் பதிப்பை டபிள்யூ3சி அமைப்பு 2003ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. சோப் செய்தி, எக்ஸ்எம்எல் மொழியில் எழுதப்படும் ஓர் உறை. அதன் உடற்பகுதியில் கோரிக்கை அமையும். கூடுதல் விவரங்கள் தலைப்பகுதியில் அமையும். கோருபவர் தம் அடையாளத்தை எங்ஙனம் எழுத வேண்டும் என்பதைச் சோப் வரையறுக்கவில்லை. அக்குறையை 2004இல் ஒயாசிஸ் அமைப்பு வெளியிட்ட வெப் சர்வீசஸ் செக்யூரிட்டி என்னும் தரம் நீக்கியது. அதன்படி பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஓர் அடையாள வில்லையாகத் தலைப்பகுதியில் இடம்பெறும்.

எச்டிடிபி நெறிமுறையின் தலைப்பில் அவற்றை அனுப்பும் எளிய வழியும் உண்டு. ஆனால், அது கடிதம் கொண்டுவருபவரின் கையிலுள்ள சீட்டைப் போன்றது. வழியில் ஆள் மாறினால் சீட்டு நின்றுவிடும். வில்லையோ உறையுடனேயே செல்லும்.

வில்லையில் கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதலாம். அல்லது அதன் சுருக்கத்தை எழுதலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் குறி, உருவாக்கிய நேரம், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் இம்முறையே இணைத்து, எஸ்எச்ஏ-1 என்னும் கணிப்புக்கு உட்படுத்தி, விடையை பேஸ்64 வடிவில் எழுதுவதே சுருக்கம். வங்கியும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடும். பழைய செய்தியை ஒருவர் களவாடி மீண்டும் அனுப்பினால், பயன்பட்ட குறியும் கடந்துபோன நேரமும் அவரைக் காட்டிக்கொடுக்கும். இதற்காகக் குறிகளைக் குறைந்தது ஐந்து நிமிடமேனும் நினைவில் வைக்குமாறு தரம் அறிவுறுத்துகிறது.

சுருக்கமே பாதுகாப்பானது எனத் தோன்றும். அது பாதி உண்மையே. அதே கணக்கைச் செய்ய வங்கியிடம் கடவுச்சொல்லோ அதற்கு நிகரான ஒன்றோ இருந்தாக வேண்டும். அந்தச் சேமிப்பு களவுபோனால் எல்லாக் கணக்குகளும் திறந்துவிடும். உள்ளவாறே அனுப்பும் முறையில், மீட்டெடுக்க இயலாத வடிவில் கடவுச்சொற்களைச் சேமித்தல் இயலும். ஆனால், வழி முழுவதையும் டிஎல்எஸ் மறையாக்கம் காக்க வேண்டும். அக்காப்பின்றி அனுப்புவது, திறந்த அஞ்சலட்டையில் கடவுச்சொல்லை எழுதுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றும் உண்டு. சுருக்கக் கணக்கில் உடற்பகுதி சேர்வதில்லை. மறையாக்கமோ மின்னணுக் கையொப்பமோ இல்லையெனில், இடைமறிப்பவர் வில்லையைத் தொடாமலேயே ஆயிரம் ரூபாயைப் பத்தாயிரமாக்கலாம். வங்கியின் ஒப்பீடும் பிழையின்றி முடியும்.