98.6 டிகிரிதான் 'நார்மலா'? டி டெஸ்ட் சொல்லும் பதிலும், பலரும் கோட்டைவிடும் ஒரு கட்டமும்

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் முதலில் வெளியே வருவது தெர்மாமீட்டர். 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 'நார்மல்' என்பது நமக்கு மனப்பாடம். இந்த எண் எங்கிருந்து வந்தது? ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிச் 1868-ல் வெளியிட்ட நூலில் சொன்ன 37 டிகிரி செல்சியஸ்தான் இது.

1992-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 148 பேரின் வெப்பநிலையை அளந்து பார்த்தார்கள். சராசரி 98.2 டிகிரிதான் வந்தது. அந்த ஆய்வின் வரைபடத்தை வைத்து, புள்ளியியல் மாணவர்களுக்காக 130 பேர் கொண்ட ஒரு டேட்டா தொகுப்பும் 1996-ல் உருவாக்கப்பட்டது. அதன் சராசரி 98.25.

சரி, இந்த வித்தியாசம் நிஜமா, இல்லை தற்செயலா? இதைச் சொல்வதுதான் 'ஒன் சாம்பிள் டி டெஸ்ட்'.

டி டெஸ்ட் என்ன செய்கிறது?

நம் கையில் இருக்கும் ஒரு குழுவின் சராசரியை, ஏற்கெனவே சொல்லப்பட்ட ஓர் எண்ணோடு ஒப்பிடுகிறது. அவ்வளவுதான். இதற்கு வழி போட்டவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். கொஞ்சம் சாம்பிளை வைத்துக்கொண்டு நம்பகமான முடிவுக்கு வர வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை எழுதினார்.

கணக்கு எளிது. வித்தியாசம் 0.35. 130 பேரின் அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 0.73. அதை 130-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 0.064. இதுதான் திட்டப் பிழை. 0.35-ஐ இதனால் வகுத்தால் 5.45. நம் சராசரி 98.6-ஐவிடக் குறைவு என்பதால் டி மதிப்பு மைனஸ் 5.45.

சாஃப்ட்வேரில் எப்படிப் பண்ணுவது?

* எஸ்.பி.எஸ்.எஸ்.-ல் 'அனலைஸ்' மெனுவில் 'கம்பேர் மீன்ஸ்' போய், 'ஒன் சாம்பிள் டி டெஸ்ட்' தேர்வு செய்யுங்கள்.
* வெப்பநிலை இருக்கும் வேரியபிளை வலப்பக்கப் பெட்டிக்கு நகர்த்துங்கள்.
* கீழே 'டெஸ்ட் வேல்யூ' கட்டத்தில் 98.6 என்று டைப் செய்து ஓகே கொடுங்கள்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு ஜமோவி, ஆர் போன்ற இலவச சாஃப்ட்வேர்களும் உண்டு.

அந்த ஒரு கட்டம்!

'டெஸ்ட் வேல்யூ' கட்டத்தில் தானாகவே 0 இருக்கும். மாற்ற மறந்தாலும் சாஃப்ட்வேர் எச்சரிக்காது. 'இவர்களின் சராசரி வெப்பநிலை பூஜ்யமா?' என்ற அபத்தமான கேள்விக்குச் சமர்த்தாகப் பதில் சொல்லும். டி மதிப்பு 1,500-ஐத் தாண்டும்!

இதில் நானும் மாட்டியிருக்கிறேன். காலேஜ் ப்ராஜெக்டில் 1 முதல் 5 வரை மார்க் போடும் சர்வே எடுத்தேன். நடுநிலையான 3-ஓடு ஒப்பிட்டிருக்க வேண்டும். 0-வை அப்படியே விட்டுவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் 'சிக்னிஃபிகன்ட்' என்று வர, செம ஹேப்பி. வைவாவில் கேட்டார்கள்: "ஒண்ணுக்குக் கீழே யாராலயும் டிக் பண்ணவே முடியாதே, அப்புறம் எதுக்கும்மா பூஜ்யத்தோட கம்பேர் பண்ணினே?" பதிலே இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி: ரிசல்ட்டில் 'மீன் டிஃபரன்ஸ்' என்ற எண்ணும் உங்கள் சராசரியும் ஒன்றாகவே இருந்தால், கட்டத்தில் 0 இருக்கிறது என்று அர்த்தம்.

ரிசல்ட்டை எப்படிப் படிப்பது?

பி மதிப்பு .000 என்று தெரிந்தால் அது பூஜ்யம் அல்ல, 0.001-ஐவிடக் குறைவு என்றே எழுத வேண்டும். உண்மையான சராசரி 98.6-ஆகவே இருந்தால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதே இதன் பொருள்.

அதோடு 95 சதவீத நம்பக இடைவெளியையும் பாருங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். இதை வித்தியாசத்துக்குத்தான் தரும்: மைனஸ் 0.48 முதல் மைனஸ் 0.22 வரை. அதாவது சராசரி சுமார் 98.1-க்கும் 98.4-க்கும் இடையே. 98.6 இதற்குள் இல்லை.

ஒருவரின் அளவு இன்னொருவரைப் பாதிக்கக் கூடாது, ஆட்கள் குறைவு என்றால் டேட்டா ஒரே பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு.

அப்போ 98.6 தப்பா?

சராசரியாக, ஆம். ஆனால் வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை. வயது, நேரம், அளக்கும் இடம் என எல்லாவற்றுக்கும் ஏற்ப உடல் சூடு மாறும். 'சிக்னிஃபிகன்ட்' என்றால் 'முக்கியம்' என்று அர்த்தமில்லை. வித்தியாசம் இருக்கிறதா என்பதைத்தான் சாஃப்ட்வேர் சொல்லும். அது பெரிதா, சிறிதா என்று முடிவு செய்ய வேண்டியது நாம்தான். எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்பதும் அப்படித்தான்!