கண்ணுக்கெட்டிய எதிர்காலம் எவ்வளவு தூரம்?

ஆங்கிலத் தேர்வில், ‘கீழ்க்காணும் தொடரை வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்று ஒரு வினா வரும். சென்ற புரட்டாசிக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகன் அப்படியொரு வினாவோடு வந்தான். தொடர் இதுதான்: ‘இன் தி ஃபோர்ஸீயபிள் ஃபியூச்சர்’. தமிழில் ‘கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில்’ என்று சொல்லலாம். அவன் மூன்று வாக்கியங்கள் எழுதியிருந்தான்.

1. கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில் கும்பகோணத்தில் மகாமகம் வரும்.
2. கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில் மேட்டூர் அணை வற்றாது.
3. கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில் மழை பெய்யாது.

மூன்றாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அண்ணனின் குறுவைப் பயிர் முற்றி, அறுவடைக்குக் காத்து நின்றது. அந்த நேரத்தில் ஒரு பெருமழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும்; நெல் வயலிலேயே முளைத்தாலும் முளைத்துவிடும்.

“மூன்றும் சரியா, சித்தப்பா?” என்று கேட்டான்.

“இலக்கணப்படி சரி. ஆனால் மூன்றிலும் உன் கண்ணுக்கு எட்டும் தூரம் ஒன்றா?” என்று கேட்டேன். மாணவர்களே, அன்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் மகாமகத்தை எடுத்துக்கொள்வோம். வியாழன் கோள் சிம்ம ராசியில் இருக்கும்போது வரும் மாசி மாத மக நட்சத்திர நாளே மகாமகம். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. ஆகவேதான் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்விழா வருகிறது. 2004-இல் வந்தது, 2016-இல் வந்தது, அடுத்து 2028-இல் வரவிருக்கிறது. 12-க்கும் 11.86-க்கும் உள்ள வேறுபாடு சிறிது சிறிதாகச் சேர்வதால், சில சமயம் 11 ஆண்டுகளிலேயே வந்துவிடுவதும் உண்டு. அதையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

இது எப்படி முடிகிறது? கோள்களின் கணக்கில் இன்று நேரும் சிறு பிழை மிக மெதுவாகவே வளர்கிறது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 1989-இல் ழாக் லாஸ்கார் என்னும் பிரெஞ்சு வானியலாளர், சூரியக் குடும்பத்தின் உட்கோள்களின் இயக்கத்தைக் கணிப்பொறியால் ஆராய்ந்தார். பூமியின் இன்றைய இடத்தை அளப்பதில் வெறும் 15 மீட்டர் பிழை இருந்தால் போதும்; 10 கோடி ஆண்டுகளுக்குப் பின் பூமி தன் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாமல் போய்விடும். கோள்களுக்கும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்று உண்டு. அது மிக நீண்டது, அவ்வளவே.

அடுத்து மேட்டூர். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மதகைத் திறந்தால் மூன்று நான்கு நாட்களில் தண்ணீர் கல்லணையை அடையும். கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் சில நாட்களாகும். இதைத் துணிந்து சொல்லலாம். ஆனால் அணைக்கே தண்ணீர் வருமா என்பது வேறு கேள்வி. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையையும், மேலே கருநாடக அணைகளிலிருந்து வரும் நீரையும் அது பொறுத்தது. வழக்கமாக அணை திறக்கும் நாள் ஜூன் 12. எனினும் 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணையில் இருக்கும் நீரைக் கணக்கிடலாம். இனி வரவிருக்கும் நீரைக் கணிக்கத்தான் முடியும். ஆகவே இரண்டாவது வாக்கியத்தில் கண்ணுக்கு எட்டும் தூரம் சில மாதங்களே.

மூன்றாவது மழை. 1961-இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்னும் வானிலை அறிஞர், வானிலையைப் போல நடந்துகொள்ளும் சில சமன்பாடுகளைக் கணிப்பொறியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கணக்கை மீண்டும் பார்க்க விரும்பி, அச்சிட்ட தாளிலிருந்து ஓர் எண்ணை எடுத்து இட்டார். கணிப்பொறிக்குள் இருந்த எண் 0.506127, தாளில் இருந்ததோ 0.506. இவ்வளவு சிறு வேறுபாடு என்ன செய்துவிடும் என்று நினைத்தார். முதலில் இரு கணக்குகளும் ஒன்றாகவே சென்றன. பிறகு சிறிது சிறிதாக விலகி, கடைசியில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் போயின.

காரணத்தை ஓர் எளிய கணக்கால் காண்போம். ஒரு கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு வினாடி பிந்துகிறது என்றால், 14 நாளில் 14 வினாடிதான் பிந்தும். இங்கே பிழை கூட்டலில் வளர்கிறது. வானிலையில் அது பெருக்கலில் வளர்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பிழை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 என்பது 2 ஆகும், 4 ஆகும், 8 ஆகும். 14-ஆம் நாள் 128 ஆகிவிடும். இன்னும் நுட்பமான கருவிகளைக் கொண்டு தொடக்கப் பிழையைப் பாதியாகக் குறைத்தாலும் நமக்குக் கிடைக்கும் லாபம் இரண்டே நாள்! நாள்தோறும் நிகழும் வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மேல் முன்னறிய முடியாது என்று அறிவியலார் கருதுவது இதனால்தான்.

2018-இல் வந்த கஜா புயலை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 11-ஆம் நாள் அது வட தமிழ்நாட்டுக்கும் தென் ஆந்திரத்துக்கும் உட்பட்ட கரையை நோக்கிச் செல்லும் என்றே அறிவிக்கப்பட்டது. நாளாக ஆக அறிவிப்பு தெற்கே நகர்ந்தது. 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையைக் கடந்து, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. “முதலில் ஒன்று சொன்னார்கள், பிறகு மாற்றிச் சொன்னார்கள்” என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். உண்மையில், தொலைவில் மங்கலாகத் தெரிந்தது நெருங்க நெருங்கத் தெளிந்தது. அதற்கேற்ப அறிவிப்பும் மாறியது. முதல் அறிவிப்பைக் கேட்டு, ‘நமக்கில்லை’ என்று வானொலியை நிறுத்திவிட்டவருக்குத்தான் ஆபத்து. கடைசி அறிவிப்பையும் கேட்டு முகாம்களுக்குச் சென்றவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

வானிலை அறிவிப்பின் சொற்களையும் உற்றுக் கேளுங்கள். ‘மழை பெய்யும்’ என்பதில்லை, ‘பெய்யக்கூடும்’ என்பார்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை. ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 வரை. ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75 வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். ஆகவே ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்ன நாளில் உங்கள் ஊரில் மழை இல்லையென்றால் அறிவிப்பு பொய்த்துவிட்டதாகாது.

இவ்வளவையும் கேட்ட பையன், அன்றைய வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாக்கியத்தை அடித்துத் திருத்தினான்: ‘இன்னும் இரண்டு நாளைக்குப் பெரும்பாலும் மழை இராது, ஒரு வாரத்துக்கு அப்பால் என் கண்ணுக்கு எட்டவில்லை.’ தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்குமோ என்னவோ! ஆனால் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலைக்கே அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லியனுப்பினார்.

நீங்களும் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். நாளைக்கான அறிவிப்பையும் ஐந்தாம் நாளுக்கான அறிவிப்பையும் தினமும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நடந்ததை எதிரே குறியுங்கள். மாத முடிவில் எது எத்தனை முறை பலித்தது என்று எண்ணுங்கள். உங்கள் ஊர் வானத்தில் கண்ணுக்கெட்டிய எதிர்காலம் எவ்வளவு தூரம் என்பதை நீங்களே அளந்துவிடலாம்.